மீன் படாட்டியும் காசு படும்

பாசிக்குடாவில் நீச்சல் பழக்கிப் பிழைக்கலாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால், அவர் பாசிக்குடாவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் வந்து, வாழைச்சேனையில் கடற்பக்கம் திரும்பினால் வருகிற குடா இது. இறங்கி நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம். தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதற்கு வெகுநேரம் யோசிக்கும். மூழ்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர் முழங்காலை மடக்கித்தான் மூழ்கவேண்டும். நீந்தத் தெரியாதவரும் நடந்து போகிறார், நீந்தத் தெரிந்தவரும் நடந்துதான் போகிறார். இந்தக் கரையில் நீச்சல் மாஸ்டருக்கு என்ன வேலை?

எனக்கு இந்த ஆராய்ச்சி வந்ததற்குக் காரணம் கடல் இல்லை, டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. என்னுடைய ஓய்வூதியம் மட்டும் எந்தச் சலனமும் இல்லாமல், தவம் செய்யும் முனிவரைப் போல இருந்த இடத்திலேயே இருந்தது. பெற்றோல் வரிசையில் நின்ற அந்த நாட்களில் ஊரே ஒரு சுயவிசாரணையில் இறங்கியது. எனக்கு என்ன தெரியும்? அதை யாருக்குச் சொல்லிக்கொடுத்து டொலர் வாங்கலாம்? ரமண மகரிஷி கேட்கச் சொன்ன கேள்வி வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு காஸ் சிலிண்டர் வாங்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

நானும் விசாரித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கந்தோரில் இங்கிலிஷ் கடிதம் எழுதியவன். 'உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுத்திருக்கிறோம்' என்பதை, எதையும் கவனத்தில் எடுக்காமலே விதவிதமாக எழுத எனக்குக் கை வரும். சந்தி, சபை, செத்தவீடு என்று எங்கே போனாலும் ஒரு விண்ணப்பம் எழுதவேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார்கள். ஆகவே என்னிடமிருக்கும் வித்தை இங்கிலிஷ் என்று முடிவுசெய்து மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்க, அது சரி. அந்தக் கடிதம் ஆருக்குத் தேவை?" என்று கேட்டாள்.

கேள்வியின் ஆழம் அப்போது பிடிபடவில்லை. ரியூசன் தொடங்கினேன்.

இலங்கையில் ரியூசன் என்பது கல்வியின் ஒரு பகுதியில்லை. பள்ளிக்கூடம்தான் ரியூசனின் ஒரு பகுதி. பிள்ளைகள் களைப்பாறுவதற்காகக் காலையில் அங்கே போய் வருகிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்குகிற ஓட்டம் சாதாரண தரம், உயர்தரம் என்று போய், பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகுதான் மூச்சு வாங்கும். மதிலில் சினிமாப் படத்துக்கு ஒட்டுகிற அளவில் மாஸ்டர்மாரின் படம் ஒட்டியிருக்கும். இந்தச் சந்தையில் நான் ஒரு மேசை, இரண்டு வாங்கு, ஒரு கரும்பலகையோடு வீட்டு விறாந்தையில் கடை விரித்தேன்.

முதலில் வந்தது ஒரு தாய். மகன் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், உங்களிட்டப் படிச்ச ஆக்கள்ள எத்தின பேர் ஏ எடுத்தவங்க?"

"இப்பதானே தொடங்கிறன் தங்கச்சி."

"அப்ப முதல்ல ஒருத்தர் ஏ எடுக்கட்டும் சேர். மறுகா மகனக் கூட்டி வாறன்."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. யாராவது படித்து ஏ எடுத்தால்தான் யாராவது படிக்க வருவார்கள். இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் வந்ததென்று நினைக்கவேண்டாம். இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னர் கிரேக்கத்தில் புரொட்டகோரஸ் என்று ஓர் ஆசான் இருந்தார். காசு வாங்கிப் பேச்சுக்கலை படிப்பித்த முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவரிடம் ஒருவன் வழக்குப் பேசப் படிக்க வந்தான். பாதிக் கட்டணம் இப்போது, மீதி அவன் தன் முதல் வழக்கை வென்ற பிறகு என்று பேச்சு. படித்து முடித்த சீடன் வழக்குப் பேசவே போகவில்லை. ஆசான் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டார். நான் வென்றால் தீர்ப்புப்படி நீ தரவேண்டும், நீ வென்றால் அது உன் முதல் வெற்றி, ஒப்பந்தப்படி தரவேண்டும் என்றார் ஆசான். நான் வென்றால் தீர்ப்புப்படி தரத்தேவையில்லை, தோற்றால் ஒப்பந்தப்படி தரத்தேவையில்லை என்றான் சீடன். நீதிபதிகள் தலையைப் பிடித்துக்கொண்டு வழக்கை ஒத்திவைத்தார்களாம்.

இந்தக் கதையைக் கடற்கரை வாடியில் வைத்து மாமாவிடம் சொன்னேன். வெற்றிலைச் சாற்றைத் தள்ளித் துப்பிவிட்டு, "முழுக்காசையும் முதல்லயே வாங்கியிருக்கணும்," என்றார். தத்துவ உலகம் நூற்றாண்டுக் கணக்காக அடித்துப் பிடித்த சிக்கல் அந்த வாடியில் அரை நிமிடத்தில் தீர்ந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தாயின் தம்பி. எழுபது தாண்டியவர். குடாவிலும் வாழைச்சேனை ஆற்றிலும் வீச்சுவலை வீசியே பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். எங்கள் பக்கத்தில் வாவியையும் ஆறு என்றுதான் சொல்வோம். எழுபதுகளில் பாசிக்குடாவில் முதல் ஹோட்டல்கள் எழும்பியபோது அவற்றின் பின்வாசலால் மணலை, திரளி மீன்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். 1978 நவம்பரில் சூறாவளி வந்தது. பிறகு யுத்தம் வந்தது. ஹோட்டல்கள் இருந்த இடத்தில் சுவர்கள் மிஞ்சின. 2004 மார்கழியில் கடல் அந்தச் சுவர்களையும் வந்து பார்த்துவிட்டுப் போனது. 2009 இல் யுத்தம் முடிந்து, 2011 முதல் மறுபடியும் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. மாமா மறுபடியும் பின்வாசலால் போனார். இந்தமுறை வாசலில் நின்ற பொடியன் மீனைக் குளிரூட்டிய லொறியில் கொழும்பிலிருந்து எடுப்பதாகச் சொன்னான். கடலுக்கு 50 மீற்றர் தள்ளி நிற்கிற சமையலறைக்கு 300 கிலோமீற்றர் பிரயாணம் செய்த மீன். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

சில வருடங்களில் அவருக்கு முன்பல் போனது. பல்லுக்கும் வலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் வீச்சுவலை வீசியதில்லை.

வீச்சுவலை வட்டமானது. வட்டத்தின் விளிம்பு முழுவதும் ஈயக்குண்டு. நடுவில் ஒரு கயிறு; அதன் நுனியை இடது மணிக்கட்டில் மாட்டவேண்டும். கயிற்றையும் வலையையும் மடித்து மடித்து அதே கையில் சேர்க்கவேண்டும். பிறகு விளிம்பில் ஒரு பங்கை இடது முழங்கையில் போட்டு, ஒரு பங்கை வலக்கையில் அள்ளி, இடையில் ஈயக்குண்டுக்குப் பக்கத்தில் விளிம்பை முன்பல்லால் கவ்வவேண்டும். இடுப்பைப் பின்னால் முறுக்கி முன்னால் திருப்பும்போது முதலில் வலக்கை விடும், அடுத்து முழங்கை விடும், கடைசியில் பல் விடும். மூன்றும் முறைப்படி விட்டால் வலை ஆகாயத்தில் வட்டமாக விரிந்து, தண்ணீரில் ஒரே சத்தத்தோடு இறங்கும். பல் மட்டும் விட மறந்தால் வலையோடு பல்லும் இறங்கும். மாமா தன் பல் முதுமையால் போனதென்றுதான் சொல்வார். மாமி வேறு கதை சொல்வாள்.

ஆக, முன்போல வலை வீசமுடியாமல் வாடியில் இருந்தவரைத் தேடித்தான் ஒரு நாள் ஹோட்டலில் வேலை செய்கிற மருமகப் பொடியன் வந்தான். விருந்தாளி ஒருவர், ஜெர்மன்காரர், இங்கே மீன்பிடிக்கிற மாதிரி வலை வீசப் பழக வேண்டும் என்கிறார். மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார்.

"மீன் வேணுமா, வலை வேணுமா?" என்றார் மாமா.

"இரண்டும் இல்ல. பழக வேணுமாம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் பொடியனைப் பார்த்தேன். தொகை சொல்லத் தெரியாத இரண்டு பேரும் மூன்றாமவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எங்கள் ஊரில் வியாபாரத்தின் முதற்படி. பொடியன்தான் 3000 ரூபாய் என்றான். மாமா அவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இங்கிலிஷ் பேச நானும் வரவேண்டும் என்றார்.

அடுத்த நாள் விடியற்காலையில் குடாவுக்குள் இறங்கினோம். முழங்கால் தண்ணீர். ஜெர்மன்காரர் பொறியியலாளர். வலையைக் கையில் எடுத்ததும் முதலில் எடை பார்த்தார். பிறகு ஈயக்குண்டுகளை எண்ணத் தொடங்கினார். மாமா பொறுமையாக நின்றார். இத்தனை வருடம் வீசிய வலையில் எத்தனை குண்டு என்று அவர் எண்ணியதேயில்லை. அவர் கணக்கு மீனில்தான் தொடங்கும்.

"எத்தனை பாகை திரும்பவேண்டும்?" என்று கேட்டார் ஜெர்மன்காரர்.

நான் மாமாவிடம் கேட்டேன். "பின்னால கோயில் கோபுரம் தெரியிற வரைக்கும் திரும்பச் சொல்லு," என்றார். கோபுரம் அங்கிருந்து தெரியாது. ஏறக்குறைய தொண்ணூறு பாகை என்று சொல்லிவைத்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

பல்லால் கவ்வும் கட்டம் வந்தது. இது ஈயமல்லவா, ஈயம் நஞ்சல்லவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் மொழிபெயர்த்தேன்.

"அறுவது வருசமா இதக் கடிச்சிட்டு இருக்கன். எனக்கு ஒண்டும் ஆகல்ல எண்டு சொல்லு," என்று மாமா வாயைத் திறந்து காட்டினார். முன்னால் ஒரு பல்லும் இல்லை.

ஜெர்மன்காரர் மாமாவின் வாயைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பல்லில்லாமல் வீசுகிற முறை ஏதும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு. தோள்ல போட்டு வீசலாம். ஆனா அது பல்லுப் போன ஆக்களுக்கு," என்றார் மாமா.

அவர் தோளில் போட்டே பழகினார். வலை விரியவில்லை. சுருண்டபடியே போய்ப் பொத்தென்று விழுந்தது. மறுபடியும் விழுந்தது. தண்ணீரில் இருந்த மீனெல்லாம் இது என்ன விபத்து என்று விலகிப் போயிருக்கும். மாமா பக்கத்தில் நின்று, கையைத் தூக்கு, இடுப்பு, இடுப்பு, இப்ப விடு என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த 'இப்ப'வை நான் இங்கிலிஷில் சொல்லி முடிப்பதற்குள் வலை விழுந்துவிடும். ஆகவே கொஞ்ச நேரத்தில் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டேன். அதன் பிறகுதான் வலை கொஞ்சம் விரியத் தொடங்கியது என்பதை உண்மைக்காக இங்கே பதிவுசெய்கிறேன்.

மணித்தியாலம் முடியும்போது ஒரு வீச்சு, ஒரேயொரு வீச்சு, வட்டமாக விழுந்தது. உள்ளே ஒரு கூனி இறால் கூட இல்லை. ஜெர்மன்காரர் துள்ளினார். மாமாவைக் கட்டிப்பிடித்தார். 3000 ரூபாயைக் கொடுத்து மேலும் 1000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.

அவர் போன பிறகு மாமா நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"மருமோன், விடிஞ்சதில இருந்து வீசி மீன் படாம வந்தா உன்ட மாமி என்ன வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா. இந்த மனிசன் மீன் படாததுக்குக் காசு தந்திட்டுப் போறான். மீன் பட்டிருந்தா என்ன தந்திருப்பான்?"

"அதே காசுதான் தந்திருப்பார், மாமா."

"அப்ப இத்தின வருசமா நான் மீனப் பிடிச்சது பிழையா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பொருளியல் பேராசிரியரிடம் பதில் இருக்கிறதோ தெரியாது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான். நமக்குத் தெரிந்த பத்து விடயத்தில் எது வித்தை என்று தீர்மானிப்பது நாமில்லை, காசு கொடுக்கிறவன். என்னுடைய இங்கிலிஷ் வித்தை என்று நான் நினைத்தேன், ஊர் நினைக்கவில்லை. தன்னுடைய வலை பிழைப்பு என்று மாமா நினைத்தார். ஜெர்மன்காரர் அதை வித்தை என்றார். அவர் சொன்ன நிமிடத்திலிருந்து அது வித்தை.

இது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறியிருந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தேடி வந்தது இரசாயனம் படிப்பிக்க இல்லை, தமிழ்ப் பேராசிரியராக இருக்க. கூத்தும் அப்படித்தான். எங்கள் கிராமங்களில் அண்ணாவியார் மாதக்கணக்கில் இரவிரவாகக் கண்விழித்து வடமோடியும் தென்மோடியும் பழக்குவார். அரங்கேற்றத்தன்று அவருக்கு வேட்டி, சால்வை, கொஞ்சம் பணம். ஆட்டம் பிழைத்தால் ஏச்சும் அவருக்குத்தான். அறுபதுகளில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றியபோது, கிராமத்து அண்ணாவிமார் பல்கலைக்கழக மாணவருக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். ஊரில் வேலையில்லாதவனின் பொழுதுபோக்கு என்று சொல்லப்பட்ட ஆட்டம் பேராதனைக்குப் போய் ஆய்வுப் பொருளானது. இன்றைக்குக் கல்லடியில் விபுலாநந்தர் பெயரிலேயே ஒரு அழகியல் கற்கை நிறுவகம் இருக்கிறது. தாளக்கட்டு அதேதான். கேட்கிற ஆள் மாறினார்.

தெற்கே அறுகம்பைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அலையில் பலகை ஓட்டுவதை அந்தக் கரைக்குக் கொண்டுவந்ததே வெளிநாட்டுக்காரர். அவர்கள் உடைத்துப் போட்ட பலகைகளில் மீனவர் வீட்டுப் பொடியன்கள் விழுந்து எழும்பிப் பழகினார்கள். இன்றைக்கு அந்தப் பொடியன்கள்தான் வெளிநாட்டுக்காரரை நெஞ்சுமட்டத் தண்ணீரில் நிறுத்திவைத்து, எழும்பு, குனி, முழங்கால் மடக்கு என்று படிப்பித்துக் காசு வாங்குகிறார்கள். 2018 இல் பெண்களுக்கென்றே தனியாக ஒரு அலைச்சறுக்கல் கழகமும் அங்கே தொடங்கிவிட்டது. வாங்கிய சரக்கை வாங்கிய ஆளுக்கே இலாபத்துக்கு விற்பது வியாபாரத்தில் உச்சக்கட்டம். அறுகம்பையார் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

வீட்டிலும் விளைவு தெரிந்தது. அந்த ஜெர்மன்காரரின் மனைவி, எங்கள் வீட்டில் தேநீர் குடிக்க வந்தவர், குசினியில் பிட்டு அவிப்பதைப் பார்த்துவிட்டு, பழக்கித் தருவீர்களா என்று கேட்டார். என் மனைவி சிரித்தாள். பிட்டு அவிக்கப் பழக்குவதா? யாராவது மூச்சு விடப் பழக்குவார்களா?

வகுப்பு நடந்தது. அந்த அம்மா ஒரு கொப்பியோடு வந்தார். மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு?

"கையில ஒட்டாத அளவு."

உப்பு எவ்வளவு?

"வாயில வச்சாத் தெரியும்."

எவ்வளவு நேரம் அவிக்கவேண்டும்?

"மணம் வரும்."

கொப்பியில் ஒன்றும் ஏறவில்லை. அந்த அம்மா தராசு கேட்டார். எங்கள் வீட்டில் தராசு இல்லை. அடுத்த வீட்டுக் கடையிலிருந்து அரிசி நிறுக்கிற தராசு வந்தது. அன்றைக்குத்தான் என் மனைவி போடுகிற ஒரு பிடி மாவு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தோம். மூன்று தடவை அள்ளினாள். மூன்று தடவையும் முள் ஒரே இடத்தில் நின்றது. அந்த அம்மா தராசைத் தட்டிப் பார்த்தார், பழுதோ என்று. நானும் தட்டிப் பார்த்தேன். என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்கவில்லை.

அதன் பிறகு அவள் மணித்தியாலத்துக்கு என்ன தொகை என்று என்னைக் கேட்கவில்லை. தானே சொன்னாள். மாமாவின் 3000 ரூபாயை விடக் கூட.

ஒரு கட்டத்தில் மாமாவுக்கு ஒரு சான்றிதழ் எடுத்துக்கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அரசாங்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. தேசிய தொழிற்றகைமை என்று ஏழு படி வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு படி சான்றிதழ், அடுத்த இரண்டு டிப்ளோமா, ஏழாவது பட்டம். எந்த வகுப்புக்கும் போகாமல் வேலையிலேயே தொழில் பழகியவர்களை, மேசன், தச்சன், சமையற்காரர் என்று, அவர்களுடைய அனுபவத்தையே கணக்கிலெடுத்துப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் உண்டு. முப்பது வருடம் வீடு கட்டியவரிடம் ஒருவர் வந்து, ஒரு சுவர் கட்டிக் காட்டுங்கள் என்பார். கட்டிக் காட்டினால் கடதாசி கிடைக்கும். கடதாசி இருந்தால் வெளிநாட்டு வேலைக்கும் உதவும். நல்ல ஏற்பாடு.

மாமாவிடம் சொன்னேன். "பரீட்சிக்க வாறவருக்கு வலை வீசத் தெரியுமா?" என்றார்.

"அவர் பார்த்து மதிப்பெண் போடுவார்."

"அப்ப அவரும் மணித்தியாலத்துக்கு 3000 தரணும்."

பேச்சு அத்தோடு முடிந்தது.

காசு வாங்கிப் படிப்பிப்பது கேவலம் என்று சொல்கிற பழைய ஆட்களும் ஊரில் உண்டு. குருதட்சணை என்று ஒன்று இருக்க ரியூசன் காசு என்ன காசு என்பார்கள். மகாபாரதத்தை எங்கள் பக்கத்தில் புத்தகத்தில் படித்தவர்கள் கொஞ்சம். கூத்திலும் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலிலும் பார்த்தவர்கள் அதிகம். ஆகவே துரோணரை எல்லாருக்கும் தெரியும். ஒரு பாடம்கூடச் சொல்லிக்கொடுக்காமல், தூரத்தில் சிலை வைத்துத் தானாகப் படித்த ஏகலைவனிடம் கட்டை விரலை வாங்கியவர். எங்கள் மாமா அப்படியில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று கத்தி, தொண்டை கட்டித்தான் காசு வாங்குகிறார். விரலும் பல்லும் மாணவனுடைய சொந்தப் பொறுப்பு.

ஆனால் ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் எனக்குப் பதிலில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை சொல்லிவிட்டு, ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று முடத்தெங்கு. நம் வளவில் நட்டு, நாம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னை, வளைந்துபோய்ப் பக்கத்து வளவில் காய் போடுமே, அது. இந்தக் கரையில் வளர்ந்த வித்தை ஜெர்மனிக்குக் காய்க்கிறது; ஊர்ப் பொடியன் ஒருவனுக்காவது வலை பிடிக்கத் தெரியுமா என்று வாசிகசாலையில் ஒருவர் கேட்டார். தெரியாதுதான். மாமாவின் மகன்மாரே கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். வலை வீசினால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம். அதுவும் பொய்யில்லை.

காலம் மாறினால் வருமானமும் மாறும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் எங்கள் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். கச்சான் காற்று அனலை வீசினாலும் வெளிநாட்டுக்காரர் சந்தோஷமாகக் கருகுவார்கள். 2018 இல் நாட்டுக்கு 23 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். குண்டுவெடிப்பு, கொரோனா, பெற்றோல் வரிசை எல்லாம் தாண்டி 2024 இல் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆனால் கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும், ஹோட்டல் கதிரைகளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் படிப்பிக்கிறவர்களும் பழையபடி பிழைக்கவேண்டும். பல்லில்லாத ஆசான் தோளில் வலையைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போவார். அப்போது மீன் படவேண்டும். மீனுக்கு யாரும் மேலதிகமாக 1000 ரூபாய் கொடுப்பதில்லை.

அப்படியொரு வாடைக்காலத்தில்தான் பேத்தாழைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் வாடிக்கு வந்தான். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறவன். நல்ல உயரம், வரிசை தப்பாத முப்பத்திரண்டு பல். அவனுடைய பல்லை மாமா பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

"பெத்தப்பா, எனக்கு வலை வீசப் பழக்கித் தரணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முடத்தெங்கு நிமிர்ந்துவிட்டது, வாசிகசாலைக்காரருக்கு இன்றைக்கே போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமா மட்டும் நிதானமாக இருந்தார்.

"ஏன் மனே? மீன் பிடிக்கவா?"

பொடியன் கொஞ்சம் தயங்கினான். "இல்ல பெத்தப்பா. வாற சீசனுக்கு ஹோட்டல்ல ஆள் எடுக்கிறாங்களாம். வெள்ளக்காரருக்குப் படிப்பிக்க."

மாமா வலையைப் பக்கத்தில் வைத்தார்.

"மீன் பிடிக்கப் பழகிறதெண்டா காசு வேணாம். நாளைக்கு விடிய வா, ஆத்துக்குப் போவம். படிப்பிக்கப் பழகிறதெண்டா வெள்ளக்காரன் தாற காசு நீயும் தரணும்."

"உள்ளூர் ஆக்களுக்கும் அதே விலையா? கொஞ்சமும் குறைக்கமாட்டீங்களா?"

"உள்ளூர் விலை மீனுக்குத்தான் மனே."

பொடியன் யோசித்துவிட்டு, பாதி இப்போது, மீதி வேலை கிடைத்த பிறகு தருகிறேன் என்றான். மாமா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு முழுக்காசையும் முதலிலேயே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தமிழிலேயே நடந்த பேரம் என்பதால், மொழிபெயர்ப்பாளருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பங்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை.